தொலைந்த 11 நாட்கள்: ஐசியு நாட்குறிப்பு குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

"என்னைய டிப்போவுல கட்டிப் போட்டாய்ங்கம்மா. பஸ்ஸுக்கு அடியில."

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாலாம் நாள் இரவு, கட்டிலில் எழுந்து உட்கார்ந்து அப்பா இதைச் சொன்னார். குரலில் பதற்றமே இல்லை. நேற்று சந்தையில் நடந்ததைச் சொல்வது போலச் சொன்னார். கையைக் கட்டினார்களாம். வாய்க்குள் ரப்பர் குழாயைத் திணித்தார்களாம். தலைக்கு மேலே ஒரு பஸ் நின்றுகொண்டு ராவும் பகலும் காற்று விட்டதாம். நானும் அம்மாவும் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போய்விட்டோமாம். இந்தக் கடைசி விஷயத்தைச் சொல்லும்போது மட்டும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்பா அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 67. நிமோனியா முற்றி, மூச்சுத் திணறலோடு ஐசியுவில் சேர்த்தோம். 11 நாள் வென்டிலேட்டரில் கிடந்தார். நான் செவிலியர், வேறொரு மருத்துவமனையில் பொது வார்டு. ஐசியுவிலிருந்து வார்டுக்கு மாற்றப்பட்டு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். அவர்களில் யாராவது இப்படிப் பேசினால், "மருந்து மயக்கம் தாத்தா, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று போர்வையை இழுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருக்கிறேன். அது எவ்வளவு பெரிய தவறு என்பது அன்றைக்கு இரவுதான் தெரிந்தது.

ஏனென்றால், அப்பா சொன்ன ஒவ்வொன்றுக்கும் நிஜத்தில் ஒரு வேர் இருந்தது. கையைக் கட்டியது உண்மை: ட்யூபைப் பிடுங்க முயன்றதால் இரண்டு மணிக்கட்டையும் காஸ் துணியால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். குழாய் உண்மை. நாளுக்குப் பலமுறை சளியை உறிஞ்சி எடுக்கும் சக்ஷனும் உண்மை. பஸ்ஸின் காற்று? வென்டிலேட்டர் மூச்சை உள்ளே தள்ளி வெளியே விடும் ஓசையை நான் மறுபடி கேட்டுப் பார்த்தேன். ஏர் பிரேக் போட்டு நிற்கிற பஸ்ஸின் பெருமூச்சேதான். 30 வருடம் அந்தச் சத்தத்தோடு வாழ்ந்த மனிதருக்கு அரை மயக்கத்தில் வேறென்ன தோன்றும்! நாங்கள் தூரத்தில் நின்றதும் உண்மைதான். முதல் நாள் காலையில் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து நிமிடம், கட்டிலின் கால்மாட்டில் நின்று பார்த்துவிட்டு வந்தோம். தூங்குகிறவரை ஏன் எழுப்ப வேண்டும் என்று பேசாமல் வந்தோம்.

அவருக்கு வந்தது பொய் நினைவு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. நடந்தவை எல்லாம் உடம்பில் பதிந்திருந்தன. அவற்றைக் கோக்கும் நூல்தான் அறுந்திருந்தது.

நோர்ஷோப்பிங்கில் எழுதிய நோட்டுகள்

மயக்கத்தில் கிடக்கும் நோயாளிக்காக, அவரைக் கவனிக்கிறவர்களே நாட்குறிப்பு எழுதும் பழக்கம் 1980களில் டென்மார்க்கில் தொடங்கி நார்வே, ஸ்வீடன் என்று பரவியது. அரசாங்கமோ மருத்துவ சங்கமோ சொல்லி வந்ததில்லை. ஐசியு செவிலியர்கள் தாமாகவே பேனாவை எடுத்தார்கள். ஸ்வீடனின் நோர்ஷோப்பிங் நகரத்து ஐசியுவில் 1991 முதல் இதை ஒரு நடைமுறையாகவே கொண்டுவந்தார்கள். அங்கே பணியாற்றிய செவிலியர் கார்ல் பேக்மனும் மருத்துவர் ஸ்டென் வால்தரும் அந்த அனுபவத்தை 2001-ல் ஆய்வாக வெளியிட்டார்கள்.

முறை எளிது. ஒரு நோட்டு. தினமும் சில வரிகள். மருத்துவ மொழியில் இல்லாமல் வீட்டில் பேசுகிற மொழியில். தேவைப்பட்டால் ஒரு புகைப்படம். ஐசியுவை விட்டு வெளியே வந்து இரண்டு வாரம் கழித்து, நோயாளியைக் கூப்பிட்டுப் பேசி, நோட்டைக் கையில் கொடுப்பார்கள். 51 பேருக்காக எழுதிய நோட்டுகள் என்ன ஆயின என்று ஆறு மாதம் கழித்து விசாரித்தார்கள். எல்லா நோட்டுகளையும் படித்திருந்தார்கள். 41 நோட்டுகளைப் பிழைத்தவர்களே படித்தார்கள். மற்ற 10 நோட்டுகளை உறவினர்கள். ஏறத்தாழ பாதி நோட்டுகள் பத்து முறைக்கும் மேல் படிக்கப்பட்டிருந்தன.

பத்து முறை! டிஸ்சார்ஜ் சம்மரியை ஃபைலில் போட்டு பீரோவுக்குள் வைத்த பிறகு அதை யார் திரும்ப எடுத்துப் படிக்கிறோம்? அடுத்த டாக்டரிடம் காட்டத்தான் எடுப்போம். அந்தப் பத்து உறவினர்களையும் நான் அடிக்கடி நினைக்கிறேன். ஐசியு கதவு சாத்தியிருந்த நேரத்தில் உள்ளே தங்கள் ஆளுக்கு என்ன நடந்தது, யார் முகம் துடைத்துவிட்டார்கள், யார் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு அந்த நோட்டில்தான் கிடைத்திருக்கும்.

வித்தியாசம் மொழியில் இருக்கிறது. கேஸ் ஷீட்டில் நாங்கள் எழுதுவது இப்படி இருக்கும்: "நோயாளி அமைதியின்றி உள்ளார். கைகள் கட்டப்பட்டன. மருத்துவருக்குத் தெரிவிக்கப்பட்டது." இதையே நாட்குறிப்பாக எழுதினால்: "காலையில் கண்ணைத் திறந்தீர்கள். தொண்டைக் குழாய் உங்களுக்குத் தொந்தரவாக இருந்ததால் பிடுங்கப் பார்த்தீர்கள். அது போய்விட்டால் மூச்சு நின்றுவிடும் என்பதால் கையைத் துணியால் கட்டினோம். மதியம் அவிழ்த்து எண்ணெய் தடவிவிட்டோம். வெளியே நல்ல மழை." இரண்டிலும் சம்பவம் ஒன்றுதான். இரண்டாவதில் ஒரு மனிதரும், அவருக்காக ஒரு காரணமும் இருக்கிறார்கள்.

மறந்தது நல்லதா?

"நல்லவேளை, அவருக்கு ஒண்ணும் ஞாபகமில்ல" என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. மிடசோலம், ஃபென்டனில் போன்ற மருந்துகளை விடாமல் ஏற்றுவது வலியும் பயமும் தெரியாமல் இருக்கத்தானே!

இந்த நம்பிக்கையைத் தலைகீழாக்கியது இங்கிலாந்தில் லிவர்பூலுக்கு அருகே விஸ்டன் மருத்துவமனையில் நடந்த வேலை. கிறிஸ்டினா ஜோன்ஸ், ரிச்சர்ட் கிரிஃபித்ஸ் குழுவினர் ஐசியுவிலிருந்து பிழைத்து வந்தவர்களின் நினைவுகளைக் கேட்டுப் பதிந்தார்கள். 2001-ல் அவர்கள் எழுதிய முடிவு இது: நிஜ நினைவு ஒன்றுமில்லாமல், யாரோ கொல்ல வந்தார்கள், எங்கோ அடைத்து வைத்தார்கள் என்பது போன்ற மாய நினைவுகள் மட்டும் தங்கியவர்களிடம்தான் பதற்றமும், பிடிஎஸ்டி என்று மருத்துவர்கள் சொல்லும் அதிர்ச்சிப் பாதிப்பின் அறிகுறிகளும் அதிகம். நிஜமான நினைவு சிறிதாவது இருந்தவர்களுக்கு, அது கசப்பானதாக இருந்தாலும், ஓரளவு காப்பு இருந்தது.

ஊசி குத்தியது ஞாபகம் இருந்தால் ஊசியை நினைத்துப் பயப்படலாம். அந்தப் பயத்துக்கு ஓர் எல்லை உண்டு. குத்தியவர் யார், எதற்கு, அது முடிந்துவிட்டதா என்பது எதுவுமே தெரியாவிட்டால் அந்தப் பயம் எங்கே போய் நிற்கும்? அப்பா இன்சுலின் போட வந்த தெரு முனை கிளினிக் சிஸ்டரைப் பார்த்ததும் கையைப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டார். ஏன் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

இந்த இடத்தில் ஐசியுவோடு சம்பந்தமில்லாத இன்னோர் ஆய்வு எனக்குத் துணைக்கு வருகிறது. 1986-ல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் பென்னபேக்கரும் சாண்ட்ரா பீலும் 46 மாணவர்களை நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதச் சொன்னார்கள். சிலர் சாதாரண விஷயங்களை எழுதினார்கள். சிலர் வாழ்க்கையில் தங்களை உலுக்கிய சம்பவத்தைத் தகவலாக மட்டும் எழுதினார்கள். சிலர் அது தந்த உணர்ச்சியை மட்டும் எழுதினார்கள். சிலர் இரண்டையும் சேர்த்து எழுதினார்கள். எழுதி முடித்த கையோடு மனம் கனத்தது, ரத்த அழுத்தம்கூட ஏறியது. ஆனால் அடுத்த ஆறு மாதத்தில் மாணவர் மருத்துவ மையத்துக்குப் போகும் தேவை குறைந்தது, நடந்ததையும் பட்டதையும் சேர்த்து எழுதியவர்களுக்கு. பிறகு உலகமெங்கும் இதைச் செய்து பார்த்தார்கள். 2006-ல் ஜோஆன் ஃப்ராட்டரோலி என்ற ஆய்வாளர் 146 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது பலன் உண்டு, சராசரியில் சிறியது என்று தெரிந்தது. சிறியது என்பதை மறைக்கக் கூடாது. எழுதினால் எல்லாம் தீரும் என்று பேசுகிறவர்களை நம்ப வேண்டாம்.

எனக்கு அதில் பிடிபட்டது அந்தச் சேர்க்கை. கேஸ் ஷீட்டில் நிகழ்ச்சி இருக்கிறது, மனிதர் இல்லை. அப்பாவின் நினைவில் பயம் இருக்கிறது, நிகழ்ச்சி இல்லை. இரண்டும் ஒரே பக்கத்தில் வந்து சேராதவரை அது கதையாகாது. கதையாகாத ஒன்றை யாரிடமும் சொல்லவும் முடியாது, சொல்லி முடிக்கவும் முடியாது. டல்லாஸ் மாணவர்களிடம் இரண்டுமே இருந்தன, அவர்களால் தாங்களே எழுத முடிந்தது. ஐசியு நோயாளியிடம் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதியைப் பக்கத்தில் இருந்தவர்கள்தான் கொடுக்க வேண்டும்.

ஆம் என்ற ஆய்வும் இல்லை என்ற ஆய்வும்

ஜோன்ஸ் குழு அடுத்த படியாக ஐரோப்பாவின் ஆறு நாடுகளில் 12 மருத்துவமனைகளைச் சேர்த்து, 352 நோயாளிகளோடு ஒரு பரிசோதனை நடத்தியது. முடிவு 2010-ல் வந்தது. ஐசியுவை விட்டு ஒரு மாதம் ஆனதும் பாதிப் பேருக்கு நாட்குறிப்பைக் கொடுத்தார்கள். சும்மா கொடுக்கவில்லை, உள்ளே இருப்பதை விளக்கிப் பேசிக் கொடுத்தார்கள். மூன்றாம் மாதம் பார்த்தபோது, புதிதாக பிடிஎஸ்டி வந்தவர்கள் நோட்டு கிடைத்த பக்கம் 5 சதவீதம், கிடைக்காத பக்கம் 13 சதவீதம். முதல் மாதத்திலேயே அறிகுறிகள் கடுமையாக இருந்தவர்களுக்குத்தான் நோட்டால் அதிகம் பயன்.

பிரான்சின் கதை வேறு. மைத்தே கருஸ்த்-ஓர்ஜா என்ற மருத்துவர் 2012-ல் வெளியிட்ட சிறிய ஆய்வில் நாட்குறிப்பு நோயாளிக்கும் உறவினருக்கும் உதவியதாகத் தெரிந்தது. அதோடு திருப்திப்பட்டு நிற்காமல் அவரே 35 ஐசியுக்களில் 657 நோயாளிகளோடு பெரிய பரிசோதனை ஒன்றை நடத்தினார். 2019-ல் முடிவு வந்தது. மூன்றாம் மாதம் கேள்விகளுக்குப் பதில் கிடைத்தது 339 பேரிடம். அதிர்ச்சிப் பாதிப்பின் அறிகுறிகள் நாட்குறிப்பு எழுதப்பட்டவர்களில் 29.9 சதவீதம், எழுதப்படாதவர்களில் 34.3 சதவீதம். அந்த வித்தியாசத்தை நிஜமான வித்தியாசம் என்று சொல்ல முடியாது என்பதே முடிவு. தன் சொந்த முடிவைத் தானே சோதித்து, எதிராக வந்ததையும் மறைக்காமல் எழுதிய அந்த மருத்துவர் மீது எனக்குப் பெரிய மரியாதை.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்து நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான். நோட்டு தடுப்பூசி மாதிரி எல்லோருக்கும் போட்டுவிட்டு எண்ணிக்கை பார்க்கும் சமாச்சாரமாக எனக்குப் படவில்லை. 11 நாள் காணாமல் போனதே தன்னை உறுத்தாதவருக்கு அது ஒரு ஞாபகப் பொருள். உறுத்துகிறவருக்கு அது தேவை. யார் அந்த இரண்டாவது ஆள் என்பதை, ஒரு மாதம் கழித்து உட்கார்ந்து பேசினால்தான் கண்டுபிடிக்க முடியும். எழுதுவதைவிடக் கொடுப்பதில்தான் கவனம் அதிகம் வேண்டும்.

அம்மாவின் கணக்கு நோட்டு

எங்களிடம் ஸ்வீடன் நோட்டு எதுவும் இல்லை. அம்மாவின் கணக்கு நோட்டு இருந்தது. வராண்டாவில் பாய் விரித்துக் கிடந்த நாட்களில், தினம் என்ன செலவு என்று எழுதி வைத்திருந்தார். பின்னால் யாரும் கேட்டால் சொல்ல வேண்டுமே என்று. அப்பா ஒரு நாள் அதைத்தான் கேட்டார். வீட்டுக்கு வந்து மூன்று வாரம் இருக்கும்.

"எவ்வளவு ஆச்சு? கணக்கக் காட்டு."

நடத்துநர் அல்லவா, விரலை வைத்து மேலிருந்து கீழே கூட்டிக்கொண்டே வந்தார். 7ஆம் தேதியில் விரல் நின்றது. அங்கே அம்மா இப்படி எழுதியிருந்தார்:

"மருந்து 4,115. கையக் கட்டிருக்கு. டியூப்பப் புடுங்குறாராம். தொட்டுப் பாத்தேன், சில்லுனு இருந்துச்சு. சாமி படம் தலமாட்டுல வெக்க விடல."

அப்பா அதை இரண்டு முறை படித்தார். "நீ தொட்டியா?" என்று கேட்டார்.

"தொடாம? அஞ்சு நிமிசந்தான் உள்ள விட்டாங்க. அதுல தொட்டுட்டுத்தான் வந்தேன்."

"தூரமா நின்னீங்க."

"அது மொத நாளுங்க. அன்னைக்குக் கிட்ட வரவிடல. எங்க போனோம் நாங்க? வாசல்லயேதான கெடந்தோம்."

அன்றைக்கு அதோடு நோட்டை மூடிவிட்டார். மறுநாள் சாயங்காலம் தானாகவே எடுத்தார். ஒரு நாளுக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டோம். அம்மா தேதியைப் படிப்பார், அப்பா தனக்கு அன்று தெரிந்ததைச் சொல்வார். மருத்துவத் தகவல் வேண்டிய இடத்தில் நான் பேசுவேன். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "இந்தத் தேதியில சளிய எடுக்கக் குழாய் உள்ள விட்டிருக்காங்கப்பா, அதான் நீங்க சொல்ற ரப்பர்" என்பேன். வென்டிலேட்டர் ஓசையை ஃபோனில் தேடிப் போட்டுக் காட்டலாமா என்று தயங்கி, அவரிடமே கேட்டேன். "போடு" என்றார். கேட்டுவிட்டு நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "57 நம்பர் வண்டி மாதிரியே இருக்கு" என்றார். அன்றிலிருந்து டிப்போவைப் பற்றிப் பேசும்போது "கட்டிப் போட்டாய்ங்க" என்று சொன்னவர் "கட்டிப் போட்ட மாதிரி இருந்துச்சு" என்று சொல்ல ஆரம்பித்தார். அந்த 'மாதிரி' வந்து சேர 24 நாள் ஆயிற்று.

அவரை மிகவும் அசைத்தது 9ஆம் தேதி. "மருந்து 3,960. காதுகிட்ட போயி கூப்ட்டேன். புருவத்தத் தூக்குனாரு. டீ 20." அந்தப் புருவம் தூக்கியது அப்பாவுக்கு ஞாபகமே இல்லை. ஆனால் தான் பதில் சொல்லியிருக்கிறோம் என்பது அவருக்குப் பெரிய விஷயமாக இருந்தது. பார்க்க வந்த சித்தப்பாவிடம் அதைத்தான் முதலில் சொன்னார்.

ஆய்வு என்று சொல்லிவிட்டதால் குறைகளையும் எழுத வேண்டும். இது ஒரே ஒருவரின் கதை. தொடக்கத்தில் எந்த அளவுகோலாலும் அவர் நிலையை நான் அளந்து வைக்கவில்லை. காலமும் சாப்பாடும் நடையுமே அவரைத் தேற்றியிருக்கலாம். இப்போது விளக்கை அணைத்துத் தூங்குகிறார், சிஸ்டர் வந்தால் கையை நீட்டுகிறார். ஆனால் நிறுத்தத்தில் பஸ் வந்து காற்று விட்டால் இன்னமும் இரண்டடி தள்ளிப் போய்த்தான் நிற்கிறார்.

இங்கே செய்வதென்றால்

நம் ஊர் ஐசியுவில் ராத்திரி ட்யூட்டி பார்க்கும் சிஸ்டரிடம் தினம் ஒரு பக்கம் எழுதச் சொன்னால் அது அநியாயம். அடுத்த ஷிஃப்டுக்கு ஒப்படைக்கும் ஹேண்டோவர் குறிப்பு எழுதவே நேரம் போதாது. நேரம் இருப்பது வராண்டாவில் காத்திருக்கும் குடும்பத்துக்கு. அவர்கள் கையில் ஒரு 40 பக்க நோட்டைக் கொடுத்து, "நீங்க பாத்தத, நெனச்சத, வீட்ல நடந்தத அவருக்குச் சொல்ற மாதிரி எழுதுங்க" என்று சொன்னால் போதும். பேரன் பல் விழுந்ததையும் எழுதலாம். எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதலாம். கதவுக்கு உள்ளே நடப்பதை மட்டும் சிஸ்டர் ஷிஃப்ட் முடியும்போது இரண்டு வரி சேர்க்கலாம்: ஏன் கட்டினோம், எப்போது அவிழ்த்தோம், எப்போது கண் திறந்தார்.

சில எச்சரிக்கைகள் உண்டு. நோட்டு குடும்பத்தில் நாலு பேர் கண்ணில் படும், ஆகவே நோயாளி யாரிடமும் சொல்ல விரும்பாத நோய் விவரங்கள் அதில் வரக் கூடாது. மயக்கத்தில் இருப்பவரால் சம்மதம் சொல்ல முடியாது. படம் எடுத்தால் அவர் தெளிந்து சம்மதிக்கும்வரை அது பூட்டிய இடத்தில் இருக்கட்டும். டிஸ்சார்ஜ் அன்று மருந்துப் பையோடு சேர்த்து நீட்டிவிடக் கூடாது. அன்றைக்கு அவரால் பெயரைக்கூடச் சேர்ந்தாற்போல் எழுத முடியாது. கேட்கும்வரை காத்திருக்கலாம். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். படித்த பிறகும் தூக்கம் வராமல் திடுக்கிட்டு எழுகிறவரை மனநல மருத்துவரிடம் கூட்டிப் போக வேண்டும், நோட்டு அதற்கு மாற்று ஆகாது.

எங்கள் நோட்டில் 10ஆம் தேதிக்கு நேரே "ஸ்கேன் 3,200" என்று மட்டும் இருக்கிறது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. அப்பா அந்தப் பக்கத்துக்கு மூன்று முறை திரும்பி வந்துவிட்டார். "அன்னைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்கிறார். சம்மரியில் நெஞ்சு சிடி ஸ்கேன் என்று இருக்கிறது, அதற்கு மேல் எனக்கும் தெரியாது. ஐசியுவிலிருந்து ஸ்ட்ரெச்சரில் வெளியே கொண்டுபோயிருப்பார்கள், லிஃப்டில் இறக்கியிருப்பார்கள். அம்மா அப்போது வாசலில் இருந்தாரா, பார்த்தாரா, கூடவே நடந்தாரா என்று அவருக்கே ஞாபகம் இல்லை. "ரொம்ப பயந்துட்டேன்னு நெனக்கிறேன், அதான் எழுதல" என்கிறார். அப்பா பென்சிலால் அந்த இடத்தில் ஒரு சின்னக் கோடு போட்டு வைத்திருக்கிறார்.